வெறும் வைட்டமின்தானே

மகன் கிஷோரின் நிச்சயதார்த்த ஆல்பம் வந்த அன்று தாயம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தட்டு மாற்றும்போது மேலேயிருந்து எடுத்த படம் ஒன்று அதில் இருந்தது. பெண்ணின் அம்மா வனஜாவின் தலையில் கனத்த கொண்டை, அதைச் சுற்றிலும் தலை கொள்ளாத பூ. பக்கத்தில் குனிந்திருந்த தாயம்மாவின் வகிடு இரண்டு விரல் அகலத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது.

“இன்னாடி இது? எனுக்கு சொட்ட உய்ந்தா மாறி கீது?” என்று மகளிடம் காட்டினாள்.

அருள்மொழி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “ஆமாம்மா. போட்டோகிராபர் லைட்டு அங்கதான் பட்டுத் திரும்புது.”

தாயம்மா ஆல்பத்தை மூடி பீரோவின் மேல் வைத்தாள். ராத்திரி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது என்று அருள்மொழிக்கு அப்புறம்தான் உறைத்தது.

நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர்கள் வீடு. அப்பா போன பிறகு தாயம்மா திருமழிசை எஸ்டேட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போய்த்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தாள். கிஷோர் பூந்தமல்லிப் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்டு பார்த்தான். அருள்மொழி சின்னவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆபீசில் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்லும் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை.

மறுநாள் ஆபீசில் பக்கத்து சீட்டு ரோஷினியிடம் விஷயத்தைச் சொன்னாள். ரோஷினி தன் போனில் ஒரு டப்பாவின் படத்தைக் காட்டினாள். “பயோட்டின். முடிக்கு, நகத்துக்கு. நான் இதான் போடுறேன். வெறும் வைட்டமின்தான், சைடு எபெக்ட்டே கிடையாது.” அருள்மொழி அங்கேயே ஆர்டர் போட்டாள்.

டப்பா வந்ததும் தாயம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு இரண்டே மாதம்தான் இருந்தது.

“ஒண்ணுதான் போடணுமா? ரெண்டு போட்டா சீக்கிரம் வளருமா?”

“போடும்மா. வைட்டமின்தானே. உடம்புக்கு வேண்டியத எடுத்துக்கும், மிச்சம் ஒண்ணுக்குல போயிடும்.”

எங்கோ ஒரு வீடியோவில் கேட்டதை அவள் அப்படியே ஒப்பித்தாள். தாயம்மா இரண்டில் ஆரம்பித்து, காலையில் இரண்டு ராத்திரி இரண்டு என்று ஆக்கிக்கொண்டாள். டப்பா சீக்கிரம் காலியானபோது அருள்மொழி ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொன்று வரவழைத்தாள். நெற்றி ஓரத்தில் பொடிப்பொடியாக முடி முளைக்கிறது என்று தாயம்மா கண்ணாடி முன்னால் நின்று காட்டும்போது அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. “உங்க அண்ணங்கிட்ட சொல்லிடாத. கெய்விக்கு ஷோக்கு கேக்குதுன்னு ஓட்டுவான்,” என்பாள் தாயம்மா.

முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஆவடிக்குப் போனார்கள். வனஜா வில்லிவாக்கத்திலிருந்து வந்திருந்தாள். கிஷோருக்கு ஷிப்டு, வரவில்லை. கடையில் நல்ல கூட்டம். மூன்றாவது புடவையை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாயம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“இன்னா சம்பந்தி? இன்னா பண்ணுது?” என்றாள் வனஜா.

“நெஞ்ச அடைக்குற மாறி கீது. கை வேற கடுக்குது. காலைல பூரி துன்னேன், அதான்.”

ஷேர் ஆட்டோ ஒன்றை மடக்கி, பட்டாபிராம் போகும் வழியில் ரோட்டோரமாக இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண், சௌம்யா என்று பெயர். மூக்குக்கண்ணாடி, அவசரமில்லாத பேச்சு. தாயம்மாவைப் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தாள், ரத்தம் எடுக்கச் சொன்னாள். கணுக்காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“சுகர் இருக்காம்மா? பிரஷர்? தினமும் என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? கடையில வாங்கினது, நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

தாயம்மாவின் கண் ஒரு நொடி, கட்டில் ஓரத்தில் நின்ற வனஜாவின் மேல் போய்த் திரும்பியது. போர்வைக்கு அடியில் மகளின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அருள்மொழிக்குப் புரிந்தது. சம்பந்தி முன்னால் மானம் போகும்.

“பிரஷர் மாத்திரை மட்டும்தான் டாக்டர். வேற ஒண்ணும் இல்ல,” என்றாள்.

பொய் சொல்கிறோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. அது மருந்தே இல்லையே.

ஈ.சி.ஜி. சந்தேகமாக இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றாள் சௌம்யா. இதயத் தசை அடிபட்டால் ட்ரோபோனின் என்று ஒன்று ரத்தத்தில் கூடும், அதைத்தான் பார்க்கிறோம் என்றாள். முதல் ரிப்போர்ட் நார்மல். அதோடு அவள் விடவில்லை. சாயங்காலம் வரை படுக்க வைத்து, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தாள். அதுவும் நார்மல். வலியும் அதற்குள் விட்டிருந்தது.

“இப்போதைக்கு ஹார்ட் அட்டாக் மாதிரி தெரியல. ஆனா இந்த வாரமே ஒரு இதய டாக்டரப் பாருங்க. வலி திரும்ப வந்துச்சுன்னா யோசிக்காம வந்துடுங்க.”

“கேஸுதான் சம்பந்தி, நான் அப்பவே சொன்னேன்,” என்றாள் வனஜா வெளியே வந்ததும். எல்லோருக்கும் அதை நம்புவதுதான் சௌகரியமாக இருந்தது.

மறுநாள் காலை தாயம்மா மறுபடியும் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். அருள்மொழி டிபன் கட்டிக்கொண்டிருந்தாள், டிரெயினுக்கு நேரமாகிவிட்டது.

“அம்மா, ரெண்டு வாட்டி டெஸ்ட் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. சும்மா பயந்துக்காத,” என்று கேஸ் மருந்தை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். கூடவே அந்த இரண்டு வைட்டமின் மாத்திரைகளையும் கொடுத்தாள்.

அவள் ஆபீசில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு பொன்னியம்மா கூப்பிட்டாள். “அருளு, உடனே கெளம்பி வா. உங்கம்மா கொழாயாண்ட மயங்கி உய்ந்துட்டா. பேச்சு மூச்சு இல்ல. ஆம்புலன்சுக்குச் சொல்லிக்கீறோம்.”

இந்தத் தடவை ஆம்புலன்ஸ் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது. பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் தாமதமாகிவிட்டது என்றும், இதயத்தின் ஒரு பக்கத் தசை வலுவிழந்துவிட்டது என்றும் இதய டாக்டர் ஜெகதீசன் சொன்னார். இனிமேல் கனம் தூக்கக் கூடாது, பேக்கிங் வேலைக்கெல்லாம் போக முடியாது.

கிஷோர் அதைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டான். அருள்மொழி மட்டும் அறையில் இருந்தாள். ஜெகதீசன் பழைய ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஈ.சி.ஜி.யிலயே கொஞ்சம் தெரியுது. ரெண்டு தடவையும் ட்ரோபோனின் இவ்வளவு சுத்தமா நார்மல்னா ஆச்சரியமா இருக்கே,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர் நிமிர்ந்தார். “அம்மா முடிக்கு, நகத்துக்குன்னு ஏதாவது மாத்திரை போடுவாங்களா?”

அருள்மொழி பையிலிருந்து போனை எடுத்தாள். “பயோட்டின், சார்.”

“எவ்வளவு?”

“காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு.” டப்பாவின் படத்தை போனில் காட்டினாள். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“சாதாரணமா உடம்புக்குத் தேவையானத விட இது எத்தனையோ மடங்கும்மா. இது ரத்தத்துல நிறைய இருந்தா, சில மெஷின்ல ட்ரோபோனின் டெஸ்ட் ஏமாந்து போகும். நிஜமா கூடியிருக்கிறத கம்மியாக் காட்டும்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தணித்தார். “மாத்திரையால அடைப்பு வரல, அத நல்லா புரிஞ்சுக்கோ. அது வருஷக்கணக்கா சேர்ந்தது. டெஸ்ட்ட இது மறைச்சிருக்கலாம், அவ்வளவுதான். அதுவும் ‘லாம்’தான். அன்னிக்கு உண்மையாவே நார்மலா இருந்து, மறுநாள் அடைச்சிருக்கவும் கூடும். இப்ப அதக் கண்டுபிடிக்க வழி இல்ல.”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ‘லாம்’தான் அவளை வதைத்தது. உறுதியாக ஆமாம் என்றிருந்தால் ஒரேயடியாக அழுதிருப்பாள். இல்லை என்றிருந்தால் மூச்சு விட்டிருப்பாள்.

அறையை விட்டு வெளியே வந்தபோது கிஷோர் அங்கே இல்லை. சாயங்காலத்துக்குள் அவள் போனுக்கே வீடியோ வந்தது. அவனும் அவன் நண்பன் சந்தோஷும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டிருந்தார்கள். “எங்கம்மாவ ஒண்ணும் இல்லன்னு ஊட்டுக்கு அனுப்பிச்ச டாக்டரு இவதான். நல்லா பாத்துக்கங்க மூஞ்சிய,” என்று கிஷோர் கத்தினான். சந்தோஷ் எடுத்த வீடியோவில் சௌம்யா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். “நான் ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிதாங்க…” என்று தொடங்கினாள். அதற்கு மேல் அவளைப் பேச விடவில்லை. நெமிலிச்சேரி, பட்டாபிராம் குரூப்புகளில் எல்லாம் அது ஓடியது. கீழே வந்த வார்த்தைகளை அருள்மொழியால் படிக்க முடியவில்லை.

கிஷோர் திரும்பி வந்ததும் சொல்லிவிடுவது என்று நினைத்தாள். வந்தவன் ஐ.சி.யூ. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. அம்மா வார்டுக்கு வரட்டும், சொல்லலாம் என்று தள்ளினாள். வார்டுக்கு வந்ததும், வீட்டுக்குப் போகட்டும் என்று தள்ளினாள். அதற்குள் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து பேசித் தீர்த்துக்கொள்ளக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“நீதான கூட இருந்த? நீயும் வரணும். அந்த டாக்டரு ஒண்ணுமே கேக்கல, சரியாவே பாக்கலன்னு சொல்லு,” என்றான் கிஷோர்.

ஆஸ்பத்திரி உரிமையாளரின் அறையில் ஏ.சி. அதிகமாக இருந்தது. மேஜைக்கு ஒரு பக்கம் கிஷோரும் சந்தோஷும் அவளும் உட்கார்ந்தார்கள். சௌம்யா ஓரமாக நின்றிருந்தாள், அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“இன்னா மருந்து துன்றாங்க, இன்னா பிரச்சனைன்னு ஒரு வார்த்த கேட்டாங்களா சார்?” என்றான் கிஷோர்.

“நான் கேட்டேன்,” என்றாள் சௌம்யா. “கடையில வாங்கினது, நாட்டு மருந்து, எல்லாமே கேட்டேன். பிரஷர் மாத்திரை தவிர எதுவும் இல்லன்னு சொன்னாங்க. இவங்கதான் பதில் சொன்னாங்க. இவங்களையே கேளுங்க.”

எல்லோரும் அருள்மொழியைப் பார்த்தார்கள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். ஆனால் ஆமாம் என்றால், அப்படியானால் என்ன மாத்திரை என்று கேட்பார்கள். அண்ணன் திரும்பிப் பார்ப்பான்.

“எனக்கு… ஞாபகம் இல்ல சார். அன்னிக்கு ரொம்ப பயத்துல இருந்தேன்.”

சௌம்யா அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். ஏதோ ஒன்று பிடிபடாததுபோல் அவள் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். உரிமையாளர் பெருமூச்சு விட்டு, நாளையிலிருந்து இந்த டாக்டர் இங்கே வரமாட்டார் என்றார்.

பைக்கில் திரும்பும்போது கிஷோர், “கரெக்டா சொன்ன,” என்றான். அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தாள். வெயிலுக்கு என்று நினைத்து அவன் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தான்.

தாயம்மா வீட்டுக்கு வந்தபோது பாதியாக இளைத்திருந்தாள். கல்யாணத்தை மூன்று மாதம் தள்ளி வைத்தார்கள். படுக்கையில் உட்கார்ந்தபடியே அக்கம்பக்கத்துக் கதை எல்லாம் கேட்டாள். பொன்னியம்மாதான் ஒரு நாள் பேச்சோடு பேச்சாக அந்த டாக்டரை வேலையை விட்டு அனுப்பிவிட்டதைச் சொன்னாள்.

பொன்னியம்மா போனதும் தாயம்மா மகளைக் கூப்பிட்டாள்.

“இன்னாத்துக்குடி அந்தப் பொண்ண வேலய உட்டு அனுப்பினாங்க? நல்லாத்தான பாத்துச்சு. சாயங்காலம் வரிக்கும் நாலு வாட்டி வந்து வந்து பாத்துச்சு.”

அருள்மொழி கட்டில் பக்கத்துத் தம்ளரை எடுத்து நகர்த்தி வைத்தாள்.

“மாத்திர இன்னா துன்றேன்னு அது கேட்டுச்சு இல்ல? நாந்தான உன் கையப் புடிச்சு அமுக்கினேன். அதப் பத்தியாடி எதாவது?”

அம்மாவாகவே அந்த இடத்துக்கு வந்து நிற்பாள் என்று அருள்மொழி எதிர்பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஜெகதீசன் சொன்னதை, உரிமையாளர் அறையில் நடந்ததை, ஞாபகம் இல்லை என்று தான் சொன்னதை. சொல்லச் சொல்ல தாயம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ அந்த மாத்திரையாலதான் எனுக்கு நெஞ்சு வலி வந்துச்சா?”

“இல்லம்மா. வலி தானா வந்துச்சு. மாத்திர அத டெஸ்ட்ல தெரியாம மறைச்சிருக்கலாம். ரெண்டு போடுன்னு சொன்னது நான். ஒண்ணும் இல்லன்னு கேஸ் மருந்து ஊத்திக் குடுத்துட்டு ஆபீசுக்குப் போனதும் நான்.”

“நாலு போட்டது நானு,” என்றாள் தாயம்மா. பிறகு, “ஒரு பொம்பள முன்னால வெக்கப்பட்டேன். அதுக்கு இன்னொரு பொம்பள வேல போச்சு,” என்றாள்.

அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாதிச் சுமையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது அருள்மொழிக்கு இன்னும் கனத்தது.

“உங்க அண்ணனாண்ட நான் சொல்லட்டா?”

“வேணாம்மா. நான்தான் சொல்லணும்.”

கிஷோர் ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றும் முன்பே சொன்னாள். நின்றபடியே கேட்டான். கத்துவான் என்று நினைத்தாள். அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“அந்த ரூம்பு உள்ள வெச்சி சொல்லிருக்கலாம்ல?”

“பயமா இருந்துச்சுண்ணா.”

“யார்கிட்ட? என்னாண்டயா?” என்றான். “நான் அந்தப் பொண்ண இன்னா பேச்சு பேசிக்கீறேன் தெரியுமா? வீடியோல வந்தது கொஞ்சம். நீ ஆஸ்பத்திரில கீறப்பவே உனுக்குத் தெரியும். தெரிஞ்சும் என் பின்னால பைக்ல குந்திகினு வந்த.”

அவன் போனை எடுத்து வீடியோவை அழித்தான். ஆனால் அது எத்தனையோ கைகளுக்குப் போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து அவன் அருள்மொழியோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சோறு போட்டால் சாப்பிட்டான், எதிரே வந்தால் ஒதுங்கிப் போனான்.

வனஜாவிடம் தாயம்மாவே போனில் சொன்னாள். அதற்கு வனஜா, “அய்யோ சம்பந்தி, என் கொண்டையில பாதி சவுரி. ஆல்பத்துல பாத்து ஏமாந்துட்டீங்களா? என்னாண்ட கேட்டிருந்தா நானே ஒண்ணு வாங்கிக் குடுத்திருப்பேனே,” என்றாளாம். தாயம்மா அதைச் சொல்லும்போது சிரிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல் மூச்சு வாங்கினாள்.

அருள்மொழி தனியாக அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனாள். உரிமையாளரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரிம்மா, அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. இப்ப என்ன பண்றது?” என்றார். தன் முகம் தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து, டாக்டர் கேட்டார், நான்தான் மறைத்தேன் என்று சொல்லி அதே குரூப்புகளில் போட்டாள். முதல் வீடியோவுக்கு வந்த கூட்டத்தில் கால்வாசி கூட அதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் சிலர், எவ்வளவு வாங்கிக்கொண்டு பேசுகிறாய் என்று கேட்டிருந்தார்கள்.

சௌம்யா இப்போது வேப்பம்பட்டில் ஒரு கிளினிக்கில் சாயங்காலம் மட்டும் உட்காருகிறாள் என்று பழைய ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். ஆபீசிலிருந்து வரும்போது நெமிலிச்சேரியில் இறங்காமல் அப்படியே வேப்பம்பட்டு வரை போனாள். மருந்துக் கடையின் பின்பக்க அறைதான் கிளினிக். இருமும் குழந்தைகளுக்கும் கால் கட்டுப் போட்ட ஒருவருக்கும் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தாள். முறை வந்ததும் உள்ளே போனாள்.

சௌம்யா நிமிர்ந்து பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கையிலிருந்த பேனாவை மேஜை மேல் வைத்தாள்.

“அம்மா எப்படி இருக்காங்க?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“நடக்குறாங்க டாக்டர். மாடி ஏறினா மூச்சு வாங்குது. வேலைக்குப் போக முடியல.” அருள்மொழி உட்காரவில்லை. “மன்னிப்பு கேக்க வந்தேன். நீங்க அன்னிக்கு கேட்டீங்க. நான் மறைச்சேன். அப்புறம் அந்த ரூம்ல ஞாபகம் இல்லன்னு சொன்னது பொய். எல்லாம் நல்லா ஞாபகம் இருந்துச்சு.”

“உங்க வீடியோ பார்த்தேன். என் தம்பி அனுப்பினான்.” சௌம்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? வேலை போனது கூடப் பெரிசா இல்ல. நீங்க ஞாபகம் இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நிஜமாவே கேட்டோமா, கேட்டதா நினைச்சுக்கிறோமான்னு. உங்கம்மாவோட ஈ.சி.ஜி.ய போன்ல வெச்சிருந்தேன். தினமும் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். எத விட்டேன், எங்க தப்பு பண்ணேன்னு. நான்தான் ஒருத்தர சாகறதுக்கு வீட்டுக்கு அனுப்பிட்டேன்னு நம்பிட்டேன். இங்க ஒவ்வொரு பேஷண்டயும் பயந்து பயந்துதான் பார்க்கறேன். நெஞ்சு வலின்னு வந்தா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்கறேன்.”

அருள்மொழிக்குக் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக் கூட வெட்கமாக இருந்தது. அழுவதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

“நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவ்வளவும் வந்திருக்காது,” என்றாள் சௌம்யா. “அந்த மாத்திரை பத்தி படிச்சிருக்கேன். சொல்லியிருந்தீங்கன்னா அந்த ரிப்போர்ட்ட நம்பியிருக்க மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்திருப்பேன்.”

“தெரியும் டாக்டர்.”

“எனக்குக் கோவம் போகல. போயிடுச்சுன்னு சொன்னா அது பொய். என்னிக்காவது போகுமான்னும் தெரியல.” கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “ஆனா வந்து சொன்னீங்க. நான் கேட்டேங்கறது எனக்கு இப்ப நிச்சயமாத் தெரியும். இன்னிக்கு அது போதும். வெளிய ஆளுங்க காத்திருக்காங்க.”

அருள்மொழி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். ஸ்டேஷன் வரை எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிளாட்பாரத்தில் காலேஜ் பிள்ளைகள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மனசு லேசாகவில்லை. லேசாகும் என்று நினைத்துத்தான் வந்தோமோ என்று யோசித்தபோது தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

போன் அடித்தது. கிஷோர். அவன் கூப்பிட்டு எத்தனையோ நாளாயிற்று. அம்மாவுக்கு என்னவோ என்று பதறி எடுத்தாள்.

“அம்மா நல்லாத்தான் கீது,” என்றான் அவள் கேட்கும் முன்பே. “நீ எங்க கீற?”

“வேப்பம்பட்டுல. ஸ்டேஷன்ல.”

அவன் பின்னால் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது.

“பாத்தியா அவங்கள?”

“பாத்தேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“கோவமாத்தான் இருக்காங்க. இருக்கும்ல.”

“ம்,” என்றான். “நானும் பாக்கணும். அந்த சந்தோஷயும் இட்டுகினு வரேன். எந்நேரம் இருப்பாங்க?”

“சாயங்காலம் மட்டும்தான். ஞாயித்துக்கிழமை இல்ல.”

“மூஞ்சில அடிச்ச மாறி வெளிய போன்னு சொல்லிட்டா?”

“சொல்லலாம்ணா.”

“சொல்லட்டும்,” என்றான். “வியாழக்கெழம எனுக்கு மொத ஷிப்டு. முடிச்சுட்டு ஆவடியாண்ட நிக்கறேன். நீயும் வா, எனுக்கு எடம் தெரியாது.”

திருவள்ளூரிலிருந்து டிரெயின் வந்துகொண்டிருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். கூட்டத்தோடு ஏறி, கதவோரமாக ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.